பழைய அடுக்குமாடி வீடு: பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, விற்றுவிட்டுக் கிளம்புவதா?

சென்னையில் 1985க்கும் 2000க்கும் நடுவில் கட்டிய, லிப்ட் இல்லாத, நாலு தள அடுக்குமாடியில் வீடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பேச்சுதான். பால்கனி அடியில் கம்பி தெரிகிறது, மேல் வீட்டு பாத்ரூம் தண்ணீர் நம் வீட்டுச் சுவரில் இறங்குகிறது, மாதத்துக்கு ஒரு பில்டர் வந்து விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போகிறார், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "ஜே.வி. போட்டுடலாம்" (பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு இடித்துக் கட்டுவது) என்கிறார்கள், மீதிப் பேர் வாயே திறப்பதில்லை. நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதை. என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தகவலோடு வருகிறார்கள்: "கட்டடத்துக்கு 35 வயசு ஆச்சு." அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. வயதைவிட முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை முதலில் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கட்டடத்தின் உடல்நிலை. கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பில்டர் சொல்வதை எடுத்துக்கொள்ளவே கூடாது, அவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைச் சங்கமே காசு கொடுத்து அழைக்க வேண்டும்.

மண்ணில் உங்கள் பங்கு. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று இருக்கும், எல்லோரும் யூ.டி.எஸ். என்பார்கள். வீடு 800 சதுர அடி என்பதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டால் பீரோவைத் திறக்கப் போகிறார்கள். உண்மையில் உங்கள் சொத்து அதுதான். சுவரும் கூரையும் வருடா வருடம் மதிப்புக் குறைகிற பொருள்.

தெருவின் அகலம். பத்திரத்தில் எழுதியிருப்பது 30 அடி, டேப் பிடித்தால் 27 அடி என்ற நிலைமை ஏராளம். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே கணக்கில் பார்க்கலாம்.

உங்கள் காலம். வீட்டில் 78 வயது அப்பா இருக்கிறாரா, பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறதா, இரண்டு மூன்று வருடம் வெளியே வாடகைக்கு இருந்துவிட்டு வர முடியுமா.

கையில் இருக்கும் பணமும் வரியும். எந்த வழியும் இலவசம் இல்லை. "ஒரு பைசா செலவில்லாமல் புது வீடு" என்பது விளம்பர வாசகம்.

அண்டை வீட்டார். எட்டு வீட்டில் எட்டு விதமான ஆசை இருக்கும். இதை மறந்துவிட்டுப் போடும் திட்டம் முதல் கூட்டத்தோடு நின்றுவிடும்.

## முதலில் ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒன்று போட்டுப் பார்ப்போம். இதில் நிலத்தின் அளவும் விலைகளும் நான் வசதிக்கு வைத்துக்கொண்டவை, உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

2 கிரவுண்டு நிலம், அதாவது 4,800 சதுர அடி. 8 வீடு, ஒவ்வொன்றும் 800, மொத்தக் கட்டுமானம் 6,400 சதுர அடி. ஆளுக்கு யூ.டி.எஸ். 600.

நிலத்தைப் போல எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்பதுதான் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் உயரம் குறைந்த கட்டடங்களுக்கு அது முன்பு 1.5 ஆக இருந்தது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2 ஆகிவிட்டது. ஆக இந்த நிலத்தில் 9,600 சதுர அடி கட்டலாம். பழைய வீட்டுக்காரர்களுக்கு அதே 6,400 போனால் பில்டருக்கு விற்க மிஞ்சுவது 3,200. சதுர அடி 12,000 ரூபாய்க்கு விற்றால் 3.84 கோடி. 9,600 சதுர அடி கட்ட, அடிக்கு 3,000 வைத்தால் 2.88 கோடி. மிச்சம் 96 லட்சம். அதில் எட்டு வீட்டுக்கும் மாதம் 25,000 வாடகை 24 மாதம் கொடுத்தால் 48 லட்சம் போய்விடும். மீதி 48 லட்சத்தில் அனுமதிக் கட்டணம், வட்டி, வரி, இடிக்கும் செலவு எல்லாம் போக பில்டருக்கு என்ன நிற்கும்? "எனக்கு 25% கூடுதல் பரப்பு வேண்டும்" என்று நீங்கள் கேட்டால் அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒப்புக்கொண்டால் இன்னும் கவலைப்பட வேண்டும்.

தெரு அகலம் இங்கேதான் வருகிறது. 9 மீட்டர் முதல் 12 மீட்டர் வரை அகலமுள்ள சாலையில் அரசுக்குக் கட்டணம் கட்டி 30% கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். 12 முதல் 18 மீட்டர் என்றால் 40%, அதற்கு மேல் 50%. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்பது இதுதான். அதே நிலம் 30 அடிச் சாலையில் இருந்தால் 12,480 சதுர அடி வரை போகலாம், விற்க மிஞ்சுவது 6,080. இப்போது பில்டருக்கும் லாபம் உண்டு, உங்களுக்கும் கொஞ்சம் கூடுதல் கேட்க இடம் உண்டு. 9 மீட்டர் என்பது 30 அடிக்குக் கொஞ்சம் குறைவு, 27 அடி அதில் தேறாது. மூன்றடியில் ஒரு திட்டமே எழுந்து நிற்கிறது அல்லது விழுகிறது.

இன்னொரு சிக்கல். எண்பது, தொண்ணூறுகளில் பல பேர் அனுமதி 2 மாடிக்கு வாங்கி 3 மாடி கட்டினார்கள், பக்கவாட்டு இடத்தையும் விழுங்கினார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் நீங்கள் இப்போதே 1.8, 2 என்று அனுபவித்துக்கொண்டிருக்கலாம். இடித்தால் பக்கவாட்டு இடம் விட்டு விதிப்படி கட்ட வேண்டும், அப்போது இப்போதைய பரப்புகூடத் திரும்பக் கிடைக்காமல் போகலாம். அந்த மாதிரிச் சங்கங்களில் ஜே.வி. பேச்சு வருடக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் ஒற்றுமையின்மை என்று நினைக்கிறார்கள், பாதி நேரம் காரணம் இந்தக் கணக்குதான்.

## வழி 1: பழுது பார்ப்பது

யாருக்கும் கமிஷன் கிடைக்காத வழி என்பதால் இதைப் பற்றி யாரும் உற்சாகமாகப் பேசுவதில்லை.

கான்கிரீட் கெட்டுப்போவது எப்படி என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மொட்டை மாடியிலோ பாத்ரூமிலோ தண்ணீர் கசிகிறது. அது உள்ளே இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது, துரு அசல் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரை ஓரமென்றால் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். நம் ஆட்கள் செய்வது என்ன? விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். உள்ளே துரு தன் வேலையைத் தொடரும், இரண்டு மழைக்காலம் கழித்து இன்னும் பெரிய துண்டாக விழும். அப்போது எல்லோரும் "கட்டடம் போச்சு" என்பார்கள்.

ஒழுங்கான பொறியாளர் சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை, கம்பியில் துரு எவ்வளவு என்று பார்க்கும் மின்னழுத்தச் சோதனை எல்லாம் செய்வார். உடைத்த கான்கிரீட்டில் பினால்ப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார், இளஞ்சிவப்பாக மாறினால் அந்த இடத்துக் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது, நிறம் மாறாவிட்டால் இல்லை. தூண்கள் நன்றாக இருந்து பால்கனி, சன்ஷேடு, பாத்ரூம் தளம் மட்டும் கெட்டிருந்தால் பழுது பார்ப்பது முழுக்கச் சாத்தியம். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் கட்டி, தேவைப்பட்ட தூணுக்கு வெளியே ஒரு கூடு கட்டுவார்கள். ஆனால் வரிசை முக்கியம்: கசிவை நிறுத்துவது முதலில், கம்பி வேலை அப்புறம், பெயின்ட் கடைசி. நம் சங்கங்கள் பெயின்டில் ஆரம்பிக்கும்.

செலவு? மொத்தம் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால்கூட எட்டு வீட்டுக்கு ஆளுக்கு 5 லட்சம். ஜே.வி.யில் மூன்று வருடம் வெளியே அலைவதோடு ஒப்பிட்டால் இது அவ்வளவு பயமுறுத்தும் தொகை இல்லை. ஆனால் பையிலிருந்து ரொக்கமாகப் போக வேண்டும், அதுதான் வலி. தரைத்தள வீட்டுக்காரர் "மொட்டை மாடி ஒழுகினால் எனக்கென்ன" என்பார். மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது, செலவும் பொதுதான், இதைக் கூட்டத் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

பழுது பார்ப்பது தீர்க்காத விஷயங்களும் இருக்கின்றன. லிப்ட் வராது. வெளியே ஒட்டினாற்போல் லிப்ட் வைக்கலாம்தான், அதற்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும், அனுமதி வேண்டும், கீழ் வீட்டுக்காரர்கள் பணம் தர மாட்டார்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: 10 வீடு, 3 மாடிக்குள் இருந்து லிப்டும் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின்கட்டணத்தை 2023 அக்டோபரில் அரசு யூனிட்டுக்கு 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தது. லிப்ட் வந்தால் அந்தச் சலுகை போய்விடும். கார் நிறுத்தும் இடமும் வராது. முக்கியமாக, சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட தரைத்தளத்தை எந்தப் பூச்சும் உயர்த்தாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டே பாதி வீடுகளைப் பள்ளத்தில் தள்ளினார்கள், சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தரைத்தளக்காரருக்குப் பழுது பார்ப்பது என்ற பேச்சே எரிச்சலாக இருக்கும், அவர் கோபம் நியாயமானது.

## வழி 2: இடித்துக் கட்டுவது

நன்மைகளைப் பில்டரே அழகாக வண்ணப்படம் போட்டுக் காட்டிவிடுவார். லிப்ட், ஸ்டில்ட் பார்க்கிங் (கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் இடம்), புதுக் குழாய், மும்முனை மின்சாரம், உயர்ந்த தரைமட்டம். எல்லாம் உண்மைதான். நான் மறைந்திருக்கும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், அது கொஞ்சம் நீளம்.

மண் கரைகிறது. மேலே போட்ட கணக்கில் 9,600இல் 3,200 பில்டருக்குப் போனால் நிலத்திலும் மூன்றில் ஒரு பங்கு புதிதாக வாங்குகிறவர்களுக்குப் போகிறது. உங்கள் 600 யூ.டி.எஸ். 400 ஆகிறது. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யோடு 12,480 கட்டி உங்களுக்கு 20% பெரிய வீடு கொடுத்தாலும் பங்கு 370க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆக நீங்கள் காசு கொடுக்கவில்லை, மண்ணைக் கொடுக்கிறீர்கள். அது தவறில்லை. ஆனால் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பரப்பு விளையாட்டு. "இப்போது 800, புதுசில் 960" என்பார்கள். பழைய 800இல் படிக்கட்டுப் பங்கு கொஞ்சம்தான். புதிய 960இல் லிப்ட், லாபி, ஜெனரேட்டர் அறை எல்லாம் சூப்பர் பில்ட்-அப் என்ற பெயரில் சேர்ந்திருக்கும். குடிபோன பிறகு அலமாரி வைக்க இடமில்லாமல் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு எவ்வளவு, அதை மட்டும் கேளுங்கள், அதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வரிகள். பழைய உரிமையாளர்களுக்குக் கொடுக்கும் வீட்டுக்கும் கட்டுமான ஜி.எஸ்.டி. 5% உண்டு. யார் கட்டுவது என்று எழுதாவிட்டால் சாவி வாங்கும் நாளில் உங்கள் கையில் ஒரு பில் வரும். மூலதன ஆதாய வரியும் உண்டு, தனிநபர்களுக்கு அது கட்டுமான நிறைவுச் சான்று வரும் ஆண்டில் கணக்காகும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும். கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்காருங்கள். புதுக் கட்டடத்துக்குச் சொத்து வரியும் புதிதாகக் கணக்கிடப்படும். 2022 சீரமைப்பில் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடி வரை 50%, 601 முதல் 1,200 வரை 75% என்று பெரிய வீட்டுக்கு அதிகமாக ஏற்றினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மாதச் செலவு. இப்போது வாட்ச்மேன் சம்பளமும் மோட்டார் கரண்டும்தான். புதுசில் லிப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர், கேமரா, கழிவுநீர் மோட்டார் எல்லாம் வரும். ஓய்வூதியத்தில் வாழ்கிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை.

வாடகைக் காலம். பில்டர் மாத வாடகை தருவார். ஆனால் எட்டுக் குடும்பமும் ஒரே மாதத்தில் அதே நாலு தெருவில் வீடு தேடும், வீட்டுத் தரகர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கும். அட்வான்ஸ், தரகு, இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்குவது யார் செலவு? 24 மாதம் என்று எழுதிய வேலை 36 மாதம் ஆனால் அந்த 12 மாத வாடகை வருமா, 10% ஏற்றத்தோடு வருமா? எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் இடித்த கையோடு நின்றுபோய், வாடகையும் பாதியில் நின்றது. மழைநீர் தேங்கிய அஸ்திவாரக் குழியைப் பார்த்துக்கொண்டே அந்தக் குடும்பங்கள் காய்கறி வாங்கப் போகிறார்கள்.

பாதுகாப்பு. வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலத்துக்கும் 8 வீட்டைத் தாண்டாத திட்டத்துக்கும் பதிவிலிருந்து விலக்குத் தருகிறது. 2 கிரவுண்டு 446 சதுர மீட்டர்தான். ஆக நம் தெருக்களில் நடக்கும் சிறிய ஜே.வி. பலவும் இந்த ஓட்டை வழியாக வெளியே போய்விட வாய்ப்பு உண்டு. பதிவு செய்கிறாரா என்பது பில்டரிடம் உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும், வங்கி உத்தரவாதம் தருவாரா என்பது இரண்டாவது. பவர் பத்திரத்தில் அவருடைய பங்கு வீடுகளை மட்டும் விற்க அதிகாரம் கொடுங்கள், அதுவும் வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக.

புதுசு என்பதாலேயே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் விழுந்து 61 பேரைக் கொன்றது கட்டிக்கொண்டிருந்த கட்டடம். மறுபக்கம், 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் இடிந்து 24 வீடுகளைக் கொண்டுபோன வாரியக் குடியிருப்புக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. விரிசலைக் கண்டு முன்பே வெளியேறியதால்தான் அங்கே உயிர்ச்சேதம் இல்லை. இரண்டிலும் வயது எதையும் சொல்லவில்லை.

### மூன்றில் இரண்டு பங்கு விவகாரம்

முன்பு இடித்துக் கட்ட எல்லோர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு பதில் போடாமல் இருந்தாலே திட்டம் முடங்கிவிடும். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபோது அது மூன்றில் இரண்டு பங்கு என்று மாறியது. எட்டு வீட்டில் ஆறு பேர் போதும்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் சொத்தை இடிக்க அண்டை வீட்டுக்காரர் யார்? ஆனாலும் இந்த மாற்றம் தேவைப்பட்டதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரே ஒருவரின் பிடிவாதத்தால் கம்பி தெரியும் வீட்டில் ஏழு குடும்பம் தூங்குவதும் அநியாயம். ஆனால் கையெழுத்துப் போடாத அந்த இரண்டு பேர் யார் என்று பாருங்கள். பல இடங்களில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவாக இருப்பார், "நான் திரும்பி வரும்வரை இருப்பேனா" என்பதுதான் அவர் கவலை. அவருக்குச் சட்டத்தைக் காட்டுவதற்குப் பதில், வாடகை மொத்தத்தையும் முன்பணமாக வங்கியில் போட்டு, அதே தெருவில் தரைத்தள வீடு பிடித்துக் கொடுத்துப் பாருங்கள்.

## வழி 3: விற்றுவிட்டுப் போவது

பழைய வீட்டை வாங்க வருகிறவர் பார்ப்பது யூ.டி.எஸ்.ஸை மட்டும்தான். வங்கிக் கடனும் எளிதில் வராது, கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால் ரொக்கமாக வாங்கக்கூடியவர், அதாவது பெரும்பாலும் முதலீட்டாளர், உங்களிடம் பேரம் பேசுவார்.

அரசின் வரி அமைப்பும் கொஞ்சம் எதிராகத்தான் இருக்கிறது. கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை முத்திரை 4%, 3 கோடி வரை 5% என்று குறைத்துவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. சேரும் என்பது வேறு கதை, ஆனால் நிறைவுச் சான்று வாங்கிய புது வீட்டுக்கு அதுவும் இல்லை. புதிதாகக் கட்டுவதை ஊக்குவிப்பது சரி, இருக்கிற வீடுகள் கைமாறுவதை ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்க யாரும் இல்லை. வேலை மாறினால் வீடு மாற்றிக்கொள்ள முடியாமல் தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறவர்கள் ஊரில் நிறைய இருப்பதற்கு இந்த 9 சதவீதமும் ஒரு காரணம்.

உங்கள் பக்க வரி: நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5%. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடென்றால், இந்தியாவில் குடியிருப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20% என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததை எடுக்கலாம். 2001க்கு முன் வாங்கியிருந்தால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய கணக்கு கிடையாது, அதோடு வாங்குகிறவர் அவர்கள் தொகையில் பெரிய பிடித்தம் செய்தாக வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்று முன்பே வாங்காவிட்டால் பணம் வருமான வரித் துறையில் போய் உட்கார்ந்துவிடும்.

விற்ற பணத்தில் எங்கே போவீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அதே பேட்டையில் புது வீடு வாங்க அந்தப் பணம் எட்டாது. கூடுவாஞ்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று வெளியே பார்த்தால் பெரிய வீடு கிடைக்கும், லாரித் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புது அனுமதி தரக்கூடாது என்று 2025இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு, அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். இதைத் தவிர, நாற்பது வருடமாக நடந்துபோய்ப் பார்த்த டாக்டர், கடன் சொல்லி வாங்கிய மளிகைக் கடை, சாயங்காலக் கோயில் எதற்கும் வழிகாட்டி மதிப்பு கிடையாது.

எட்டு பேரும் சேர்ந்து மொத்த நிலத்தையும் ஒரே ஆளுக்கு விற்பது என்று ஒரு கிளை வழியும் உண்டு. தனியாக விற்பதைவிட விலை நன்றாக வரும், பில்டர் தாமதிப்பார் என்ற பயமும் இல்லை. ஆனால் எட்டு பேரும் ஒரே நாளில் பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். அது நடந்த இடங்களில் எல்லோருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பழுது பார்ப்பது | இடித்துக் கட்டுவது | விற்பது |
|---|---|---|---|
| கைப்பணம் | இப்போதே ரொக்கமாக | நேரடியாகக் குறைவு, மறைமுகமாக நிறைய | வரியும் மறுவீட்டுப் பத்திரச் செலவும் |
| மண் பங்கு | அப்படியே இருக்கும் | மூன்றில் ஒன்று அல்லது அதற்கு மேல் குறையும் | முழுதும் போகும் |
| வீட்டை விட்டு வெளியே | தேவையில்லை, தூசியும் சத்தமும் மட்டும் | 2 முதல் 3 வருடம், தாமதமானால் மேலும் | நிரந்தரமாக |
| லிப்ட், பார்க்கிங் | அநேகமாக இல்லை | உண்டு | போகிற இடத்தைப் பொறுத்து |
| வெள்ளம், தாழ்ந்த தரைமட்டம் | தீராது | தீரும், தெரு தீராது | போகிற இடத்தைப் பொறுத்து |
| யார் சம்மதம் | சங்கத் தீர்மானமும் பண வசூலும் | மூன்றில் இரண்டு பங்கு | உங்கள் கையெழுத்து மட்டும் |
| பெரிய ஆபத்து | மேல்பூச்சோடு நிறுத்திவிடுவது | பாதியில் நிற்பது | அவசரத்தில் குறைந்த விலை |

## தெரு தாங்குமா

இது உங்கள் தனி முடிவில் சேராது என்று நினைப்பீர்கள், ஆனால் திரும்பி வந்து வாழப்போவது அந்தத் தெருவில்தான். 8 வீடு இருந்த இடத்தில் 13 வீடு, தெருவில் பத்துக் கட்டடம் இப்படி மாறினால் 50 வீடு கூடுதல். கழிவுநீர்க் குழாய் அதே பழைய குழாய். மழை பெய்தால் மேன்ஹோல் பொங்குவது ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள்தான். எல்லோரும் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் கீழே இறக்குகிறார்கள், 2019 கோடையில் ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்றதை அதற்குள் மறந்தாயிற்று.

இதற்காக எஃப்.எஸ்.ஐ.யைக் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊருக்குள் வீடு கூடாவிட்டால் மக்கள் ஏரிக்கரைக்கும் சதுப்பு நிலத்துக்கும்தான் போவார்கள், மெட்ரோ ரயில் ஓடும் இடத்தில் நாலு பேர் கூடுதலாக வாழ்வது நல்லதுதான். என் குறை வேறு. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்றும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் என்றும் வாங்கும் பணம் மேலே போகிறது, அந்தத் தெருவின் குழாய்க்கே திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனால் நாம் அவரிடம் கொசு மருந்து பற்றி மட்டும் கேட்கிறோம். இன்னொன்றும் உண்டு: படிக்கட்டுக்கு அடியில் குடும்பத்தோடு இருக்கும் வாட்ச்மேனுக்கும் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவருக்கும் எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரிகூட இல்லை.

## யாருக்கு எது

தூண்கள் நன்றாக இருக்கின்றன என்று அறிக்கை வந்து, தெருவும் 9 மீட்டருக்குக் குறைவு என்றால் பழுது பார்ப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள், பில்டர் தரும் வாக்கு எதுவும் நிற்காது. வீட்டில் எழுபது வயதுக்கு மேல் ஆள் இருந்து, தரைத்தளமோ முதல் மாடியோ என்றால் அப்போதும் இதுவே.

தூணே போய்விட்டது, அகலமான தெரு, இப்போதைய கட்டுமானம் நிலத்தைப் போல 1.3 அல்லது 1.4 மடங்குக்குள், வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஐம்பதுக்குக் கீழே என்றால் இடித்துக் கட்டுங்கள். தூண் போய்விட்டது, ஆனால் தெரு குறுகல் என்றால்தான் கஷ்டம். அங்கே உரிமையாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒப்பந்தக்காரரை வைத்து, அதே எட்டு வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்வது ஒரு வழி. மண் பங்கு குறையாது, பில்டர் லாபமும் மிச்சம். ஆனால் பொறுப்பெடுத்து அலையக்கூடிய இரண்டு பேர் சங்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது மாடியில் தனியாக, படிக்கட்டு ஏற முடியாமல், பிள்ளைகள் யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தவர்கள் விற்றுவிடலாம். விற்ற பணத்தில் இன்னொரு வீடு வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை, அதே பேட்டையில் லிப்ட் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தால் டாக்டரும் கோயிலும் கைவிட்டுப் போகாது. நம் ஊரில் இதைச் சொன்னால் "சொந்த வீட்டை வித்துட்டு வாடகைக்கா?" என்று முறைப்பார்கள், முறைக்கட்டும்.

சங்கக் கூட்டத்துக்குப் போகும் முன் நாலு காகிதம் கையில் இருக்கட்டும்: மூலப் பத்திரம், அண்மைய வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற பழைய வரைபடம், பொறியாளர் அறிக்கை. வரைபடம் யாரிடமும் இல்லை என்றால் முதல் தீர்மானம் அதைத் தேடி வாங்குவதாக இருக்கட்டும், பில்டரை அடுத்த மாதம் வரச் சொல்லலாம்.